வண்டி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கைபேசி வரைபடத்தைக் கேட்டால், ஒன்பதரை மணி நேரம் என்று சொல்லும். அது பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது காருக்கு ஆகும் நேரம். காருக்குப் பசிக்காது, சிறுநீர் முட்டாது, இடுப்பு பிடிக்காது. குடும்பத்துக்கு ஆகும் நேரம் வேறு. கோடை விடுமுறைப் பயணங்களில் வரும் சண்டை, வாந்தி, தலைவலி, விபத்து எல்லாவற்றுக்கும் பாதிக் காரணம் இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். கணக்கை மெதுவாகவே போடுவோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் வீடு. அப்பா, அம்மா இருவருக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள், கூட ஒரு பாட்டி. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூனில்தான் திறக்கும். பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் விடுமுறை; பெற்றோருக்குக் கிடைப்பதோ முன்னும் பின்னும் சனி ஞாயிறு ஒட்டிய நாலைந்து நாள் லீவு. அதற்குள் நெல்லைப் பக்கம் சொந்த ஊரில் அம்மன் கோயில் கொடை, மதுரையில் ஒரு கல்யாணம், போகிற வழிதானே என்று கொடைக்கானல், அப்படியே குற்றாலம். காலண்டரில் எழுதிப் பார்த்தால் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். காலண்டரில் தூரம் தெரியாது.

தாம்பரம் – நெல்லை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். காலைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, டீக்கும் கழிப்பறைக்கும் இரண்டு முறை இருபது இருபது நிமிடம், டீசல் போடப் பத்து நிமிடம், சின்னவளுக்குக் குமட்டுகிறது என்று ஓரம்கட்டி நிற்க இருபது நிமிடம். மூன்று மணி நேரம் போயிற்று. ஒன்பதரை இப்போது பன்னிரண்டரை. விடிகாலை ஐந்துக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று பார்த்துக் கிளம்புவதற்குள் ஆறரை. நெல்லை போய்ச் சேர இரவு ஏழு. ஊர் அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டர் உள்ளே என்றால், குறுகிய சாலையில், இருட்டில், காலையிலிருந்து ஓட்டிக் களைத்த ஒருவர் அந்த முப்பதையும் ஓட்ட வேண்டும். பயணத்தின் மிகக் கடினமான பகுதி, ஆள் மிகவும் சோர்ந்த நேரத்தில் வந்து விழுகிறது.

இதற்கு ஒரே ஒரு மாற்றுவழி சொல்வேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவது என்று திட்டம் போடாதீர்கள். எத்தனை மணிக்கு வண்டி நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். மே மாதத்தில் ஆறரைக்குப் பொழுது சாய்கிறது. ஆகவே ஐந்தரைக்கு வண்டி நின்றுவிட வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நடுப்பகல் வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழியும். நிறுத்தங்கள் கழியும். மீதம் இருப்பதுதான் ஓட்டும் நேரம். ஏழு மணி நேரம் தேறினால் நல்லது. அந்த ஏழு மணி நேரத்தில் எந்த ஊர் வருகிறதோ அதுதான் அன்றைய ஊர். பெரும்பாலும் அது மதுரையாக இருக்கும். மறுநாள் காலை மூன்று மணி நேரத்தில் நெல்லை. ஒரு ராத்திரி லாட்ஜ் செலவு கூடும். அடுத்த இரண்டு நாள் எல்லோரும் மனிதர்களாக இருப்பார்கள்.

ராத்திரியில் கிளம்பினால் என்ன?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ராத்திரி டிராஃபிக் இல்லை, வெயில் இல்லை, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது ஊர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் ஓட்டுகிறவர் உடம்பும் தூங்கத்தான் கேட்கும் என்பதை மட்டும் இந்தத் திட்டம் மறந்துவிடுகிறது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை விழிப்பு மிகக் கீழே இறங்கும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு சின்ன இறக்கம் உண்டு. சாப்பாடு சாப்பிட்டதால் மட்டும் வருவதல்ல அது, சாப்பிடாவிட்டாலும் வரும். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு, பத்து மணிக்கு வண்டியை எடுப்பவர் அதிகாலை மூன்றைத் தொடும்போது இருபது மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவர். அப்போது கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். அவருக்கே அது தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி என்றால் 100 மீட்டர். அந்த நூறு மீட்டருக்குள் பின்விளக்கு எரியாமல் ஓரம்கட்டிய லாரி ஒன்று நின்றால் போதும்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. ஓட்டும்போது கண் சொருகினால், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்கிலோ ஓட்டலிலோ நிறுத்துங்கள். காபியோ டீயோ குடியுங்கள். குடித்த உடனே கிளம்பாமல் இருபது நிமிடம் இருக்கையைச் சாய்த்துத் தூங்குங்கள். குடித்ததில் இருக்கும் காஃபின் வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். தூங்கி எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இதுவும் அடுத்த ஊர் வரை போய்ச் சேர்வதற்கான வழிதானே தவிர, இன்னும் 300 கிலோமீட்டர் ஓட்டுவதற்கான உரிமம் அல்ல.

இன்னொன்று. விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை சென்னையை விட்டு வெளியேறுவது தனி வேதனை. பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று தென்மாவட்ட வண்டிகள் மொத்தமும் ஒரே ஜி.எஸ்.டி சாலையில்தான் இறங்குகின்றன. செங்கல்பட்டைத் தாண்டவே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும் நாள்கள் உண்டு. வெள்ளி இரவு கிளம்பி அந்த நெரிசலில் களைப்பதைவிட, வீட்டில் தூங்கிவிட்டுச் சனி விடிகாலை கிளம்புவது மேல். திருச்சியில் சாப்பிட உட்காரும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தால் யார் எப்போது கிளம்பினார்கள் என்று சொல்லிவிடலாம்.

கத்திரி வெயிலில் வண்டிக்கு என்ன ஆகிறது

மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம். மதுரை, திருச்சி, வேலூர் வட்டாரங்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகச் சுடும். அந்தச் சாலையோடு நேரடியாகத் தொடர்பில் இருப்பது டயர் மட்டும்தான்.

வெயில் காலத்தில் டயரில் காற்று விரியும், அதனால் கொஞ்சம் குறைத்து அடிக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறான விஷயம் இது. காற்று குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், வளைகிற இடம் சுடும். அதேபோல்தான் டயரின் பக்கச் சுவரும் சூடேறும். ஆள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றி, தொடர்ந்து இரண்டு மணி நேரம் வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் இழைகளும் பிரிந்துபோகும். வெடிக்கிற டயர்களில் பல, காற்று அதிகமாகி வெடிப்பவை அல்ல, காற்று குறைந்து வெடிப்பவை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபோது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் 33 என்பது 37 என்று காட்டும், அது இயல்பு. அப்போது காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். அப்படியே ஸ்டெப்னியையும் குனிந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் காற்றே இல்லாமல் கிடப்பது அதுதான்.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஏறியதும் ஏசியை முழுவேகத்தில் வைப்பது வழக்கம். முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே சிக்கிய அனல் வெளியேறும். பிறகு ஏசி போட்டால் சீக்கிரம் குளிரும். உள்ளே குளிர்ந்த பிறகு, உள்காற்றே சுழலும்படி மாற்றிவிடலாம். நெடுநேரம் அப்படியே விடாமல் இடையிடையே வெளிக்காற்றுக்குத் திருப்புங்கள். ஐந்து பேர் விடும் மூச்சு மூடிய வண்டிக்குள் தேங்கினால் தலை கனக்கும், தூக்கம் வரும்.

“ஒரு நிமிஷம், கடையில ஏதோ வாங்கிட்டு வந்துடறேன்” என்று பிள்ளையையோ பாட்டியையோ மூடிய வண்டிக்குள் விட்டுப்போவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே சூடு ஏறத்தாழ பத்து டிகிரி கூடிவிடும். சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும்.

பாட்டிக்கு இன்சுலின் உண்டென்றால் அது டிக்கியில் பெட்டிக்குள் போகக் கூடாது. டேஷ்போர்டிலும் கூடாது. இரண்டு இடமும் அனல். கைப்பையில், ஒரு சின்னக் குளிர்பையில் வையுங்கள். ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணியில் சுற்றுங்கள். உறைந்த இன்சுலினும் கெட்டதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டி இறங்கிப் பத்தடி நடக்கட்டும். காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தால் கணுக்கால் வீங்கும்; ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பாட்டி கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார். அவரிடம் கேட்டால் “எனக்குத் தாகமில்லப்பா” என்பார். கேட்காமலே டம்ளரைக் கையில் கொடுங்கள்.

கட்டுச்சோற்றின் கணக்கு

வழியில் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் விடுமுறைக் கூட்டத்தில் இலைக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் நம்முடைய ஐந்தரை மணிக் கணக்கைத்தான் தின்னும். அதற்குத்தான் நம் வீடுகளில் கட்டுச்சோறு இருந்தது. எது கெடாது என்பதைப் பாட்டிமார் சரியாகவே தேர்ந்து வைத்திருந்தார்கள்.

புளியோதரை ஏன் தாங்குகிறது? புளியின் அமிலத்தில் கிருமி எளிதில் பெருகாது. புளிக்காய்ச்சலில் தண்ணீர் வற்றியிருக்கும். நல்லெண்ணெய் சோற்றைச் சுற்றி மூடியிருக்கும். இட்லியில் சட்னி வைக்காமல் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி எடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். தேங்காய் சேர்ந்த எதுவும் மே மாத வெயிலில் மதியத்தைத் தாண்டாது. தயிர்சாதத்துக்கு ஒரு உத்தி உண்டு: குழைய வடித்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்து எடுத்துப் போனால், வழியிலேயே உறைந்து மதியத்துக்குப் புளிக்காத தயிர்சாதம் தயார்.

ஒன்றை மட்டும் பலர் மறக்கிறார்கள். சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. மூடிய டப்பாவின் வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். பிறகு எத்தனை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பரப்பி ஆறவிட்டு, பிறகு கட்டுங்கள். விடிகாலையில் கட்டிய சோற்றைப் பகலுக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரிக்கு ஓட்டல்தான்.

வளைவில் ஏன் குமட்டுகிறது

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, உடம்பு ஆடுகிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் பிள்ளையின் கண் கைபேசித் திரையில் இருந்தால், எதுவுமே அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது, குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம். ஓட்டுகிறவருக்கு ஏன் வருவதில்லை என்றால், அவர் கண் எப்போதும் சாலையில் இருக்கிறது. அடுத்த திருப்பம் உடம்புக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே மருந்துக்கு முந்தைய வைத்தியம் எளிது. மலை ஏறத் தொடங்கும்போது திரையை வாங்கி வைத்துவிடுங்கள். முன் கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். வயிறு முழுக்க நிரம்பவும் கூடாது, காலியாகவும் கூடாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் காற்று வரட்டும். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

வாந்தி வருகிறது என்று பிள்ளையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். மோதலில் ஏர்பேக் பலூன் விரியும் வேகம் குழந்தையின் உடம்பு தாங்கக்கூடியதல்ல. பிள்ளைகள் பின்னால், எல்லோருக்கும் பெல்ட். பின் இருக்கைக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். சட்டத்தை விடுங்கள், மோதலில் பெல்ட் போடாத பின்னிருக்கைக்காரர் முன்னால் இருப்பவர் மேல்தான் போய் விழுவார்.

மலைக்கு ஒரு தனிக் கணக்கு

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. கீழே 38 என்றால் மேலே 26. தமிழ்நாட்டில் பாதிப் பேர் மே மாதத்தில் மலையேற நினைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். எல்லோரும் ஒரே வாரத்தில் நினைப்பதால்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விதிகள் கோடைக்குக் கோடை மாறக்கூடியவை. அறை பதிவு செய்யும் முன் பாஸ் கிடைக்குமா என்று பாருங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு இரண்டு இடத்திலும் தடை.

மலைச்சாலையில் பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம் ஒன்று: ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய வளைவை இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது வேகத்தை எஞ்சினே பிடித்து வைக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், தொடர்ந்து உரசி உரசிப் பிரேக் கட்டை சூடேறும். பிரேக் எண்ணெயும் கொதிக்கத் தொடங்கும். கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கப் பார்க்காதீர்கள்; தகடு வளைந்துவிடும்.

“நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சம்” என்பதும் பழைய கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய எஞ்சினில் கியரில் இருக்கும்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் இறக்கத்தில் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி இறங்குங்கள். மின்சாரக் காரில் போகிறவர்கள் மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். இறங்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருந்தால்தான் அது வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. இது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி எடுப்பது கடினம் என்பதால் இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

நிற்கும் நேரம் மலையில் இன்னும் முன்னால் வரும். மூடுபனி, யானை, காட்டெருமை எல்லாம் இருட்டோடு வருபவை. மாலை நாலரைக்கு அறைக்குள் இருப்பது நல்லது. ஊட்டியிலிருந்து மைசூர் வரை போகிறவர்களுக்கு இது யோசனை மட்டுமல்ல, கட்டாயம்: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கட்டாதீர்கள்

மறுபடி அந்தக் குடும்பத்தின் பட்டியலுக்கு வருவோம். குற்றாலத்தை முதலில் அடித்துவிடலாம். குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூனில்தான் தொடங்கும். மே மாதத்தில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் பிள்ளைகளை அருவியில் குளிக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் பாபநாசம் அகத்தியர் அருவி இருக்கிறது. கோடையிலும் அங்கே தண்ணீர் விழும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, காலையிலேயே போய்விட வேண்டும்.

கல்யாணமும் கொடையும் தேதி மாறாதவை. அவை இரண்டையும் ஒரு பயணமாக வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலைத் தனியாக, இன்னொரு வாரத்தின் செவ்வாய் புதனுக்கு மாற்றினால் பாஸும் கிடைக்கும், அறை வாடகையும் இறங்கும், ஏரிக்கரையில் நடக்கவும் இடம் இருக்கும். லீவு கிடைக்கவில்லையென்றால் கொடைக்கானலை விட்டுவிடுங்கள். மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கார்தானா என்றும் கேட்டுப் பாருங்கள். சென்னை எழும்பூர் – நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிறது. ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஓட்டுகிறவர் என்று ஒருவர் தனியாகக் களைக்க வேண்டியதில்லை. அப்பாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரலாம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே காத்திருக்க வேண்டும். ஊரில் சுற்ற அங்கேயே ஒரு வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம். ஐந்து பேரும் மூட்டையும் என்றால் கார் மலிவு. மூன்று பேர் என்றால் ரயிலே மேல்.

காரிலேயே போவதென்றால் சுங்கக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். சென்னை – நெல்லை வழியில் ஒரு போக்குக்குப் பத்துக்கு மேல் சுங்கச்சாவடி. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஆண்டு பாஸ் இருக்கிறது: அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 கடப்பு அல்லது ஓராண்டு, எது முன்னால் முடிகிறதோ அது. அந்த விலையில் ஒரு சாவடிக்கு 15 ரூபாய் என்று ஆனது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டுமே செல்லும். மாநிலச் சாலைகளில் செல்லாது. வருடத்தில் இரண்டு மூன்று முறை ஊருக்குப் போகிறவர்களுக்கு லாபம். ஃபாஸ்டேகில் பணம் இல்லாமல் போய் நின்றால் யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, உயிருக்கு ஆபத்து என்றால் 108. இரண்டு எண்களும் ஓட்டுகிறவர் கைபேசியில் மட்டுமல்ல, எல்லோருடைய கைபேசியிலும் இருக்கட்டும்.

திரும்பும் நாளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஞாயிறு இரவு வந்து சேர்ந்து திங்கள் காலை அலுவலகம் போவதாகத் திட்டமிடும் குடும்பம், ஞாயிறு மாலை முழுவதும் அவசரத்தில் ஓட்டும். தென்மாவட்டமே சென்னை திரும்பும் சாயங்காலம் அது. சனிக்கிழமையே திரும்பிவிடுங்கள். ஞாயிறு ஒரு நாள் துணி துவைக்கவும் தூங்கவும் வேண்டும். அந்த ஒரு நாளையும் பயணத்தின் பகுதியாகவே எண்ணி லீவு போடுங்கள்.

விடுமுறைக்குத் திட்டம் போட உட்காரும்போது ஊர்ப் பெயர்களை எழுதும் முன், ஒவ்வொரு நாளுக்கும் நேராக வண்டி நிற்க வேண்டிய மணியை எழுதிவிடுங்கள். அந்த மணிக்குள் அடங்காத ஊரைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஓட்டுகிறவர் “இன்னும் அரை மணி நேரம்தான்” என்று சொன்னால் அவர் பேச்சைக் கேட்காமல், எழுதி வைத்த மணிப்படி வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமையை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுங்கள். பாட்டியிடம் கொடுத்தால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.